அவளைப் பற்றி நான் சொன்ன நல்ல வார்த்தை

பழிவாங்குவது பாவம் என்று புத்தி சொல்கிறவர்களிடம் எனக்கு ஒன்று கேட்கத் தோன்றும். உங்களுக்கு யாராவது தனித் தம்ளர் வைத்திருக்கிறார்களா? வைத்திருக்க மாட்டார்கள். வைத்திருந்தால் அந்தப் பேச்சே வாயில் வராது. எனக்கு வைத்தார்கள். அதற்குக் காரணமானவளை நான் சும்மா விடவில்லை. இன்றைக்கும் விட்டபாடில்லை.

அந்த அழைப்பு வந்தபோது கண்டியில் வாவிக்கு மேலே ஏறும் ரோட்டில் ஒரு சின்ன ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மதிய நேரம், விருந்தாளிகள் எல்லோரும் யானை பார்க்கவும் மாளிகை பார்க்கவும் போயிருந்தார்கள். தெரியாத இலக்கம். எடுத்தேன். வயதான ஒரு பெண்ணின் குரல், யாழ்ப்பாணப் பேச்சு.

“வணக்கம் பிள்ளை. நீர்தானே அம்பிட்டியப் பிள்ளையோட இந்தியாவில ட்ரெயினிங்குக்கு நிண்டது?”

“ஆமாங்க. நீங்க யாருங்க?”

“என்ர மகனுக்கு அந்தப் பிள்ளையைப் பேசுகினம். உம்மட்டக் கொஞ்சம் கதைக்கோணும். போனில கதைக்கிற விசயமில்லை. வெள்ளிக்கிழமை டவுனுக்குக் கோயிலுக்கு வருவன். உமக்கு வசதிப்படுமோ?”

வசதிப்படும் என்றேன். வேறு ஒருத்தியின் ஷிப்டை நான் பார்ப்பதாகச் சொல்லி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அந்த வெள்ளிக்கிழமையை வசதிப்படுத்திக்கொண்டேன்.

கலியாணம் பேசும்போது சாதகம் பார்ப்பது ஒரு பக்கம். பெண்ணை விசாரிப்பது இன்னொரு பக்கம். சாதகத்தில் தோஷம் இருந்தால் பரிகாரம் உண்டு. விசாரிப்பில் தோஷம் வந்தால் பரிகாரம் கிடையாது. கூடப் படித்தவளையோ கூட வேலை செய்தவளையோ தேடிப் பிடித்து, “பிள்ளை எப்படி?” என்று கேட்பார்கள். “நல்ல பொண்ணுதான், ஆனா...” என்று சொல்லி அந்த ‘ஆனா’வை இழுத்தால் போதும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தம்ளருக்குக் காரணமான அந்த அம்பிட்டிய ஊர்க்காரியின் ‘ஆனா’ இப்போது என் வாயில் இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அதுதான். அன்றைக்கு எனக்கு இரண்டு கப் பிளேன்டீ சேர்ந்தாற்போல் இறங்கியது.

அவள் என்ன செய்தாள் என்று சொல்கிறேன்.

கண்டி டவுனில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் ஹோட்டல் முகாமைத்துவம் படித்தோம், அவளும் நானும். கடைசி வருடத்தில் ஆறு மாதம் வெளிநாட்டு ஹோட்டல் ஒன்றில் பயிற்சி எடுக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் டுபாய், மாலைதீவு என்று போனார்கள். சென்னைக்குப் போனது நாங்கள் இரண்டு பேர்தான். டிக்கட் மலிவு என்பதால் நான் போனேன். தமிழ் பேசுகிற ஊர் என்றால் பயமில்லை என்று அவளுடைய அம்மா சொன்னதால் அவள் வந்தாள்.

நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் பிறந்து வளர்ந்தவள். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். அவளுடைய குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து அம்பிட்டியவில் வீடு கட்டி இருந்துகொண்டவர்கள். ஹேவாஹெட்டவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ் அந்த வீட்டின் நீல கேட்டைத் தாண்டித்தான் வரும். படிக்கிற காலத்தில் நான் பக்கத்து சீட்டில் என் பையை வைத்து, ஏறுகிற ஆட்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, அவளுக்கு இடம் பிடித்து வருவேன். அவள் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். தோழி என்றுதான் நினைத்திருந்தேன். வேறு யாராவது செய்திருந்தால் ஒரு வாரம் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

சென்னையில் ஹோட்டலின் பெண்கள் விடுதியில் அப்போது இடமில்லை. அவர்களே ஒரு வீட்டின் மாடி அறையை எங்களுக்கு ஒழுங்கு செய்தார்கள். கீழே வீட்டுக்காரம்மாவும் அவருடைய கணவரும். பிள்ளைகள் எங்கோ அமெரிக்காவில். காலையும் மாலையும் காப்பி, இரவுச் சாப்பாடு எல்லாம் கீழே அவர்களுடைய கூடத்தில்தான். வந்த புதிதில் வெக்கையைத் தவிர வேறு குறை எனக்கு இல்லை. ஹேவாஹெட்டக் குளிரில் வளர்ந்த உடம்பு, முதல் வாரமே கழுத்தெல்லாம் வேர்க்குரு. காலையில் வாய் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தேடும். சம்பல் என்றால் சட்னி தருவார்கள். பரவாயில்லை, சாப்பிட்டேன். காலை ஷிப்டில் அறை சுத்தம் செய்யப் பழக்கினார்கள். படுக்கை விரிப்பின் மூலையை மடித்துச் செருகும்போது சுருக்கம் விழுந்தால் மேற்பார்வைக்காரி முழுவதையும் உருவிப் போட்டுவிட்டு மறுபடி விரிக்கச் சொல்வாள். குளியலறைக் கண்ணாடியில் தண்ணீர்ப் பொட்டு இருக்கக் கூடாது. இடுப்பு ஒடிந்துவிடும். மாலையில் பஸ்ஸில் நசுங்கி வந்து, கை கால் கழுவி, அந்த வீட்டுக் காப்பியைக் குடித்தால் உயிர் வரும்.

வீட்டுக்காரம்மாவுக்கு என்னை நிறையப் பிடித்திருந்தது. “நீ பேசுறது எங்க ஊர்ப் பொண்ணு மாதிரியே இருக்கேம்மா” என்பார். கீரை ஆயவும் பூக்கட்டவும் என்னைத்தான் கூப்பிடுவார். அவள் பேசினால் சிரித்துக்கொண்டு, “இன்னொரு தடவ சொல்லு, கேக்க அழகா இருக்கு” என்பார். நான் அந்த வீட்டில் பிள்ளை மாதிரி, அவள் பார்க்க வந்த விருந்தாளி மாதிரி. அவளுக்கு அது எரிச்சலாக இருந்திருக்கலாம். கண்டியில் எப்போதும் அவள்தான் ஒரு படி மேலே நின்றவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா கேட்டார். “உங்க தாத்தாவுக்குச் சொந்த ஊரு எதும்மா?”

திருச்சிப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னேன். அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த பெயர்.

“அட, எனக்குத் தெரிஞ்ச ஊருதான். அங்க எந்தத் தெரு?”

தெரு எனக்குத் தெரியாது. தோட்டத்தில் தெரு இல்லை. மேல் லயம், கீழ் லயம், ஸ்டோரு லயம் என்றுதான் இருக்கும். தெரிந்த ஊர் என்கிறாரே, ஏதாவது தூரத்துச் சொந்தம் கண்டுபிடிக்கப் பார்க்கிறாராக்கும் என்று எனக்கு ஒரே சந்தோசம். வெங்காயக் கையோடு போனை எடுத்து, அவர் முன்னாலேயே அம்மாவுக்கு அழைத்து, ஸ்பீக்கரையும் போட்டுக் கேட்டேன்.

“அம்மா, தாத்தா ஊர்ல நம்ம எந்தத் தெரு?”

அம்மா அவசர அவசரமாக, “இங்க மழை இரையுது, ஒண்ணும் கேக்கல. அப்புறம் எடுக்கிறேன்” என்று வைத்துவிட்டார். ராத்திரி அழைத்தபோது குரல் மாறியிருந்தது. “ஊரக் கேக்குறவங்க ஊரத்தான் கேக்குறாங்க. தெருவக் கேக்குறவங்க நம்ம சாதியக் கேக்குறாங்க. இதுகூடத் தெரியாம நீ என்னத்தப் படிச்ச? இனி யாரும் கேட்டா தெரியாதுன்னு சொல்லிட்டு வேற பேச்சப் பேசு.”

எங்கள் லயத்தில் சாதி இல்லை என்று சொல்ல மாட்டேன். கலியாணம் பேசும்போது வரும், சாவு வீட்டில் வரும், அம்மாவின் வாயிலேயே வரும். ஆனால் அது தெருப் பெயரைப் போட்டுக்கொண்டு இவ்வளவு மரியாதையாக வரும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான்தான் போனைப் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டு, அம்மாவை அந்தக் கூடத்தில் நிறுத்தியிருக்கிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அத்தோடு போயிருக்கும். தெரியாது என்றால் வீட்டுக்காரம்மா சந்தேகத்தோடு விட்டிருப்பார். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது அம்பிட்டியக்காரி. மறுநாள் மாலை காப்பிக்குப் படியிறங்கி வந்துகொண்டிருந்தேன். கூடத்தில் அவளுடைய குரல் கேட்டது.

“அவைக்குத் தெரு ஒண்டும் தெரிஞ்சிருக்காது ஆன்ட்டி. இஞ்சயிருந்து கூலி வேலைக்கெண்டு கூட்டிக்கொண்டு வந்த ஆக்கள்தானே. எங்கட அம்மா அவையின்ர வீட்டில தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டா.”

“அப்படியா?” என்றார் வீட்டுக்காரம்மா.

“ஓம். நல்ல ஆக்கள்தான். ஆனா அப்பிடித்தான்.”

அவள் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. இரகசியமாகவும் சொல்லவில்லை. கண்டியில் பின்னேரம் மழை பெய்யும் என்று சொல்வது போல, பிஸ்கட்டைக் காப்பியில் தோய்த்துக்கொண்டு சொன்னாள். நான் சத்தமில்லாமல் திரும்பி மாடிக்கு ஏறிவிட்டேன். அவளும் அவளுடைய அம்மாவும் எங்கள் காம்பராவுக்கு வந்ததே இல்லை. அழைத்திருந்தேன், தீபாவளிக்கு. அப்போது வேறு காரணம் சொன்னார்கள்.

அடுத்த நாளிலிருந்து என் காப்பி மாடிக்கே வந்தது. “வேலை செஞ்சுட்டு வர்ற பொண்ணு, எதுக்குப் படி ஏறி இறங்கணும்?” என்று வேலைக்காரம்மாவிடம் கொடுத்தனுப்பினார். விளிம்பு நெளிந்த ஒரு எவர்சில்வர் தம்ளர். குடித்த பிறகு அது சமையலறைக்குப் போகவில்லை. பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே குழாயடியில் கவிழ்த்து வைக்கப்பட்டது. யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் நானே கழுவி நானே அங்கே கவிழ்த்து வைத்தேன். இரவுச் சாப்பாடும் தட்டில் மேலே வந்தது. கீரை ஆய யாரும் கூப்பிடவில்லை. அவள் கீழே கூடத்தில் உட்கார்ந்து பழைய மாதிரியே குடித்தாள். வெளியிலிருந்து வந்தால் அந்தக் குழாயடியில்தான் கால் கழுவுவாள். என் தம்ளரைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போனாள்.

சண்டை போட்டிருக்கலாமே என்று கேட்பார்கள். போட்டிருக்கலாம். அது ஹோட்டல் பார்த்துத் தந்த வீடு. எனக்கு மதிப்பெண் போடப்போவதும் ஹோட்டல். அதைவிட, வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். அவளுக்கு முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை. விடுதியில் ஒரு கட்டில் காலியானதும், ஹோட்டலுக்குக் கிட்ட இருந்தால் இரவு ஷிப்டுக்கு வசதி என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் ஆட்டோவரை வந்து கையசைத்தாள்.

விடுதி ஹோட்டலின் பின்கட்டில், சலவை இயந்திரங்களுக்கு மேலே இருந்தது. அசாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்த பெண்கள். அவர்களுக்குத் தமிழ் வராது, எனக்கு ஹிந்தி வராது. மூங்கில் ஊறுகாய் என்று ஒன்றை என் தட்டில் போடுவார்கள், நாற்றம் குடலைப் பிரட்டும், ஆனால் ஒரே கிண்ணத்திலிருந்து எல்லோரும் எடுத்தோம். அவர்களுக்கு நான் தமிழ்க்காரி, அவ்வளவுதான். பகல் முழுக்கக் கழிப்பறை தேய்த்தேன், படுக்கை விரித்தேன், பிறகு சாப்பாட்டு மண்டபத்தில் தட்டுத் தூக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். கோபம் ஆறிப்போகும் என்றுதான் பார்த்தேன். ஆறவில்லை.

அவளைப் பற்றி நல்லது ஒன்றையும் சொல்ல வேண்டும். அவள் வேலையில் கெட்டிக்காரி. இதை நான் மறைத்தால் மற்றதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. வரவேற்பு மேசைப் பயிற்சியில், அறை கிடைக்கவில்லை என்று மேசையில் குத்திக் கத்துகிற விருந்தாளியைக் கண்டால் நாங்கள் எல்லோரும் பின்னுக்கு நகர்வோம், அவள் முன்னுக்கு வருவாள். அரை மணி நேரத்தில் அந்த ஆள் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவான். அந்த மேசைதான் அவளுக்கு உயிர். “பார், ஒருநாளைக்குக் கண்டியில பெரிய ஹோட்டலுக்கு நான்தான் மனேஜர்” என்பாள். சும்மா சொல்கிற ஆள் அல்ல.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அந்த வரவேற்புப் பகுதியில் வேலை செய்த ஒரு பையனோடு அவள் பழகினாள். லீவு நாட்களில் அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து கடற்கரைக்குப் போவாள், படத்துக்குப் போவாள். ஒருநாள் அவளுடைய அம்மா அம்பிட்டியவிலிருந்து எனக்கு அழைத்து, “பிள்ளை போன் எடுக்கேல்லை, எங்க?” என்று கேட்டார். “ட்யூட்டில இருக்கா ஆன்ட்டி” என்று சொன்னேன். நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். இருக்கட்டும், ஒருநாளைக்கு உதவும் என்று வைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் வாவியருகே இருக்கும் பெரிய ஹோட்டலில் அவளுக்கு வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது மேட்டு ரோட்டில் இருந்த சின்ன ஹோட்டல். லீவுக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ் அந்த நீல கேட்டைத் தாண்டும். கொண்டக்டர் உள்ளே போ, உள்ளே போ என்று கத்தும் நெரிசலில் நின்றாலும் குனிந்து அந்த கேட்டைப் பார்ப்பேன். புதிதாக ஓடு மாற்றினார்கள், பிறகு கார் ஒன்று வந்தது, அவளுக்கு உதவி மனேஜர் பதவி வந்தது என்று ஃபேஸ்புக்கில் பார்த்தேன். அம்மாவிடம் ஒருநாள் வயிறெரிந்து சொன்னேன். “பொறுத்தார் பூமி ஆள்வார்” என்றார். பொறுத்துப் பொறுத்து நாங்கள் எந்தப் பூமியை ஆண்டோம் என்று திருப்பிக் கேட்டேன். காம்பராவுக்குப் பின்னால் இருக்கும் மரக்கறிப் பாத்திகூடத் தோட்டத்துக்குச் சொந்தம்.

வெள்ளிக்கிழமை வந்தது. பூசை முடிந்து மாப்பிள்ளையின் தாய் கோயில் வாசலில் நின்றார். அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மெல்லிய கரை போட்ட சேலை, நெற்றியில் திருநீறு, கையில் அருச்சனைத் தட்டு. மரியாதையான முகம். டவுனில் ஒரு பேக்கரியின் மேல்மாடிக்குக் கூட்டிப்போனார். கடைப் பையன் வந்து ரோல்ஸும் பட்டிஸும் அடுக்கிய தட்டை நடுவில் வைத்துவிட்டுப் போனான்.

அங்கே வரும் வழியெல்லாம் ஒன்றை முடிவு செய்திருந்தேன். மோட்டார் சைக்கிள் கதையைச் சொல்வதில்லை. இது தர்மம் பார்த்து எடுத்த முடிவல்ல. அவள் யாரோடு எங்கே போனாள் என்பது எனக்குச் செய்த அநியாயம் இல்லை. அதைச் சொல்லி அவள் மாட்டினால், அவளைத் தப்பான குற்றத்துக்குத் தூக்கில் போட்ட மாதிரி. எனக்குச் செய்ததற்காகவே அவள் மாட்ட வேண்டும். நல்ல குடும்பம் என்று வருகிறவர்கள், இப்படிப்பட்ட மனசுள்ள பெண்ணா என்று முகம் சுளிக்க வேண்டும்.

“பிள்ளை எப்பிடி? குணம் நடையெல்லாம்?” என்று கேட்டார்.

“நல்ல பொண்ணுதாங்க. ஆனா...” என்று இழுத்தேன்.

அவர் தட்டை ஒதுக்கிவிட்டு முன்னால் சாய்ந்தார். சொன்னேன். வீட்டுக்காரம்மா கேட்ட கேள்வி, அவள் சொன்ன பதில், நெளிந்த தம்ளர், துணி துவைக்கும் கல், எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடத்தில் அதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. கடைசியில் என் குரல் கொஞ்சம் உடைந்தது. அதற்காக என்மேலேயே கோபம் வந்தது.

அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் இருந்த கவலை போய்விட்டிருந்தது.

“இவ்வளவுதானே பிள்ளை? நான் வேற என்னவோ எண்டு பயந்திட்டன்.” என் கையைத் தட்டினார். “அது வீட்டில வளர்த்த வளர்ப்பு. இந்தியாவுக்குப் போயும், தனிய நிண்டும் மாறேல்லை எண்டா, அது நல்ல பிள்ளைதான். இந்தக் காலத்தில ஆர் இதெல்லாம் பாத்து நடக்கினம்?”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய வாயில் விஷம் ஒன்றுமில்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. “சாப்பிடும் பிள்ளை, ஆறப்போகுது” என்று பட்டிஸ் ஒன்றை என் பக்கம் தள்ளினார். அவளை விழுத்துவதற்கு நான் தூக்கிவந்த கல்லை வாங்கி, அவளுக்கே பீடமாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்.  அந்த நிமிடத்தில் மோட்டார் சைக்கிள் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார்.

“இன்னொரு விசயம். எங்கட அவருக்கு மருமகள் வேலைக்குப் போறது துப்பரவாப் பிடிக்காது. அதுவும் ஹோட்டல் வேலை. பெண் பாக்கப் போனவிடத்தில நாங்கள் அதைக் கதைக்கேல்லை, முதலே கதைச்சா முறிஞ்சு போகும். கலியாணத்துக்குப் பிறகு மெல்ல மெல்லச் சொல்லலாம் எண்டு இருக்கிறம். நீர் சொல்லும், அந்தப் பிள்ளை வேலையை விடுமோ? பிடிவாதம் பிடிக்குமெண்டால் எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம். தோட்டத்துப் பிள்ளையள் பொய் சொல்ல மாட்டினம் எண்டுதான் உம்மைத் தேடி வந்தனான்.”

எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் சம்பந்தம் முறியும், அவள் தப்பித்துவிடுவாள். உயிரை விட்டாலும் அந்த மேசையை விடமாட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. அந்த உபகாரத்தை நான் செய்யப்போவதில்லை. இந்த அம்மாவிடமே, இந்த மரியாதையான முகத்திடமே அவள் போய்ச் சேரட்டும்.

“விட்டுடுவா” என்றேன். “அவளுக்கு அந்த வேலையில பெரிய ஆசை ஒண்ணும் இல்லீங்க. கலியாணம் வரைக்கும்தான்னு என்கிட்டயே சொல்லியிருக்கா. வீட்டோட இருக்கத்தான் விருப்பம். நல்லா சமைப்பா. நீங்க தைரியமா செய்யலாம்.”

பிறகு பட்டிஸை எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்றும் சாப்பிட்டேன்.

கலியாணம் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. அவளே என் ஹோட்டலுக்கு வந்து அட்டையைத் தந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். “மாமி சொன்னவ, நீ என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னியாம். அவையள் ஓமெண்டதே அதாலதானாம்” என்றாள். சந்தோசமாக இருந்தாள். மாப்பிள்ளை வங்கியில் வேலை, நல்ல பையன், அம்மாவின் பேச்சைத் தட்டாதவன். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்து அட்சதை போட்டேன். மூன்று வகை இனிப்பும் சாப்பிட்டேன். வஞ்சகமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு ருசியாக ஒரு கலியாணச் சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை.

முதல் சில மாதம் அவள் வேலைக்குப் போனாள். பிறகு மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு. பிறகு அரைநாள். பிறகு ஃபேஸ்புக்கில் ஹோட்டல் உடுப்புப் படங்கள் நின்று, கொழுக்கட்டையும் பால்கோவாவும் வந்தன. பெரிய ஹோட்டலில் அந்த இடத்துக்கு ஆள் தேவை என்று அறிவித்தார்கள். விண்ணப்பித்தேன். வேலை தெரிந்தவள் நான், பல்லைக் கடித்துக் கற்றவள். கிடைத்தது. அவள் உட்கார்ந்திருந்த கதிரை, அவள் ஒழுங்கு பண்ணி வைத்திருந்த இழுப்பறைகள். முதல் நாள் அந்த மேசைக்குப் பின்னால் நின்றபோது எனக்கு வந்த சந்தோசத்தை வெட்கமில்லாமல் சொல்வேன். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் அவர்கள் குடும்பமாக அங்கே சாப்பிட வந்தார்கள். மாமனாருடைய பிறந்தநாள். மாமியார் என்னைக் கண்டு தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அவள் பின்தங்கி மேசையருகே வந்தாள். மெலிந்திருந்தாள். நாங்கள் பேசத் தொடங்குமுன் ஒரு வெள்ளைக்கார விருந்தாளி ஏதோ கேட்டு வந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள், பழைய சிரிப்போடு, பழைய ஆங்கிலத்தில். சொல்லி முடித்ததும் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஞாபகம் வந்தது போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அவர் போனதும் மெல்லிய குரலில் கேட்டாள். “மாமி நேற்றுத்தான் சொன்னவ. நான் வேலையை விட்டிடுவன் எண்டு நீதான் சொன்னியாம். எனக்கு ஆசையில்லை எண்டு சொன்னியாம். உனக்குத் தெரியுமே நான் எப்பிடி எண்டு. ஏன் அப்பிடிச் சொன்னனீ?”

இந்த நேரத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். அவள் கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும். நிதானமாகக் கேட்டேன்.

“சென்னையில அந்த வீட்ட விட்டு நான் ஏன் போனேன்னு உனக்குத் தெரியுமா?”

அவள் யோசித்தாள். நடிப்பில்லை. அவளுடைய முகத்தை இத்தனை வருடம் பார்த்த எனக்கு அது தெரியும். உண்மையாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

“ஹோட்டலுக்குக் கிட்ட எண்டுதானே போனனீ? நைட் ஷிப்டுக்கு. ஏன், அங்க ஏதும் பிரச்சினையோ?”

சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து மாமியார், “பிள்ளை, மாமாவுக்குச் சாப்பாடு எடுத்து வையும்” என்று கூப்பிட்டார். “வாறன் மாமி” என்று அவள் போய்விட்டாள்.

அன்றைக்கு அடுத்து வந்த விருந்தாளியின் பாஸ்போர்ட் இலக்கத்தை இரண்டு முறை பிழையாகப் பதிந்தேன். குற்ற உணர்ச்சி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆத்திரம். அவளிடமிருந்து அவளுடைய உயிரையே பறித்துவிட்டேன், எதற்காகப் பறித்தேன் என்று அவளுக்குத் தெரியாது. நான் அவளை ஒவ்வொரு நாளும் நினைத்திருக்கிறேன். அவள் எனக்குச் செய்ததை ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது அவள் அழுதால்கூட, காரணமில்லாமல் வந்த கஷ்டம் என்றுதான் அழுவாள். இதைப் படித்தாவது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதினேன்.